பீடிக்கு மாற்று என்ன விலை?

அந்தப் பையனிடம் இருந்தது இரண்டாயிரம் ரூபாய். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தேனியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்த பணம் அது. அதில் அப்பாவுக்கு ஒரு ‘வேப்’ (இ-சிகரெட்) வாங்கிக் கொடுத்து, பீடியை விட வைத்துவிட வேண்டும் என்பது அவன் திட்டம். அப்பா வடுகபட்டி பூண்டுச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய பீடி, இன்னும் விடவில்லை.

“மூணு மாடல் பாத்து வெச்சிருக்கேன் மாமா. பேட்டரி நிக்கணும், காயில் சீக்கிரம் போகக் கூடாது, அப்பாவுக்குப் பிடிக்கத் தெரியணும். ரெண்டாயிரத்துக்குள்ள எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. சந்தை அன்னிக்கு வாங்க, அப்பாவையும் பாத்துட்டுப் போகலாம்” என்றான். புகையிலை பற்றி நான் கொஞ்சம் படித்து எழுதி வருகிறவன் என்பதால் என்னைக் கேட்டான். போனில் பதில் சொல்லாமல் வியாழக்கிழமை காலையில் வடுகபட்டிக்கே போனேன்.

பெரியகுளத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். வாரத்தில் வியாழனும் ஞாயிறும் சந்தை. ஊருக்குள் நுழையும் முன்பே பூண்டு வாசனை வந்துவிடுகிறது. கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலிருந்து மலைப்பூண்டு இறங்குகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. வட மாநிலங்களிலிருந்து வரும் சரக்கும் உண்டு. மலைப்பூண்டு வேறு, மற்றது வேறு என்று பல்லைப் பார்த்தே பிரித்துச் சொல்லிவிடுகிற பெண்கள் சுளகோடு உட்கார்ந்து சருகைப் புடைக்கிறார்கள். வெள்ளைச் சருகு காற்றில் பறந்து தலையிலும் தோளிலும் ஒட்டுகிறது. அந்தத் தூசிக்கு நடுவில்தான் பையனின் அப்பா மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு, காதுமடலில் பாதி பிடித்த பீடி.

“வா மாப்ள. இவன் உன்னையும் இழுத்துட்டு வந்துட்டானா?” என்றார்.

அவர் வேலை பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். லாரியிலிருந்து இறக்குவது, எடை போட்ட மூட்டையைத் தைத்து அடுக்குவது, வாங்கியவர் வண்டியில் ஏற்றுவது. இடையில் நின்று மூச்சு வாங்கினார். முன்பெல்லாம் இப்படி நிற்க மாட்டார் என்று பையன் என் காதருகே சொன்னான். நாலைந்து மூட்டைக்கு ஒருதரம் சுவரோரம் போய்க் குந்தி உட்கார்ந்து காதிலிருந்ததை எடுத்துப் பற்ற வைத்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“விடணும்னு தோணுதா மச்சான்?”

“தோணாம என்ன? ராத்திரி இருமி இருமி அவளுக்கும் தூக்கம் இல்ல. ரெண்டு தடவ விட்டுப் பாத்தேன். ஒரு தடவ சபரிமலைக்கு மால போட்டப்ப. மாலையக் கழட்டுன அன்னிக்கே பிடிச்சிட்டேன். இன்னொண்ணு உனக்குச் சொல்றேன் கேட்டுக்கோ. நான் பீடி பத்த வெச்சு உக்காந்தா மேஸ்திரி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது முடியுற வரைக்கும் விடுவாரு. சும்மா உக்காந்திருந்தா, ‘என்னய்யா உக்காந்துட்ட, லாரி நிக்குது’ம்பாரு. பீடிய விட்டா எனக்கு உக்கார நேரம் ஏது?”

புகைப் பழக்கத்தை விட முடியாததற்கு நான் படித்த காரணங்களில் இது இல்லை. நிகோடின் அடிமைத்தனம் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். கூலி வேலையில் ஓய்வு என்பது பீடியின் நீளத்துக்குத்தான் கிடைக்கிறது என்பதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இதை அப்படியே மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் நாங்கள் பேசிய எல்லாவற்றையும்விட இது பெரிது என்று இப்போதும் நினைக்கிறேன்.

சந்தையை ஒட்டிய டீக்கடையில் பையன் போனை எடுத்துக் காட்டினான். மூன்று மாடலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிடி வைத்த பேனா போல ஒன்று, தீப்பெட்டி அளவில் தட்டையாக ஒன்று, தூக்கிப்பிடிக்கக் கொஞ்சம் கனமாக மூன்றாவது ஒன்று. விலை எல்லாம் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல், இரண்டாயிரத்துக்குள். காசைச் செலவழிக்கப் போகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றை எடுத்துச் சொன்னேன்.

எல்லாவற்றிலும் ஒரே வேலைதான் நடக்கிறது. ஒரு லித்தியம் பேட்டரி. அது சூடாக்கும் ஒரு கம்பிச் சுருள். அதைத்தான் காயில் என்கிறார்கள். சுருளைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு உறிஞ்சுகிற திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் நிகோடினும் மணத்துக்கான சரக்கும் கலந்திருக்கும். இழுக்கும்போது சுருள் சூடாகி, திரவம் ஆவியாகி, மேலே வந்து குளிர்ந்து நுண்துளிகளாகிறது. இலை எரிவதில்லை, அதனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் பீடிப் புகையில் இருப்பது போல இதில் இல்லை. இவ்வளவும் உண்மை. சீனாவின் மருந்தாளுநர் ஹோன் லிக் 2003-இல் இந்தக் கருவியை வடிவமைத்தபோது இதைத்தான் எண்ணினார்.

ஆனால் இந்தக் கருவியை வாங்குகிறவர் கருவியை மட்டும் வாங்குவதில்லை. பஞ்சு கருகிப்போனால் சுருளை மாற்ற வேண்டும்; தொடர்ந்து பிடித்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை. திரவம் மாதா மாதம். பேட்டரிக்குச் சரியான சார்ஜர். பையன் போட்ட கணக்கில் இது எதுவுமே இல்லை. விலைப்பட்டியலில் ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று போட்டிருந்ததை அவன் மொத்தச் செலவு என்று எடுத்துக்கொண்டிருந்தான். அது முதல் தவணை மட்டும்.

அதைவிடப் பெரிய விஷயத்தை அடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் இதை விற்பதே குற்றம்.

தமிழ்நாடு 2018-இலேயே இ-சிகரெட்டுக்குத் தடையை அறிவித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதை மின்னணு சிகரெட்டுகள் தடைச் சட்டம் 2019 என்று நிறைவேற்றியது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் அதில் அடக்கம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். சரக்கு வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

பையன் முகம் வாடிவிட்டது. “எல்லாரும் விக்கிறாங்களே மாமா. இன்ஸ்டாவுல விளம்பரமே வருதே” என்றான்.

விற்கிறார்கள்தான். வேப் பிடிப்பவரைத் தண்டிக்கத் தனிப் பிரிவு சட்டத்தில் இல்லை என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. ஆனால் வாங்குகிற ஒவ்வொரு டப்பாவும் தடை செய்த சரக்கு. பில் கிடையாது. திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நிகோடின் என்று எழுதியிருப்பதைச் சோதித்தவர் யாரும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று 2016 முதல் வரம்பு இருக்கிறது. அதைப் பார்க்க அதிகாரிகளும் இருக்கிறார்கள். இங்கே தடை இருப்பதால் தரக் கட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. பேட்டரி சூடாகி வீங்கினால் யாரிடம் போய் நிற்பது? சட்டை உள்பையில் வைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிற மனிதருக்கு இது சின்னக் கேள்வி இல்லை.

2019-இல் அமெரிக்காவில் நடந்ததையும் சொன்னேன். வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதித்து வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 68 பேர் இறந்ததாகவும் அங்குள்ள நோய்த் தடுப்பு மையம் கணக்குக் கொடுத்தது. பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த, முறையற்ற வழியில் வந்த குப்பிகள். கெட்டியாக்குவதற்காக அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நிகோடின் வேப் எல்லாமே அப்படிக் கொல்லும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் குப்பிக்குள் என்ன ஊற்றினார்கள் என்று தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

“ஆனா இங்கிலாந்துல டாக்டருங்களே குடுக்குறாங்களாமே?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பிப் பதில் சொல்வதை நான் விரும்பவில்லை. புகையை எதிர்த்து எழுதுகிற பலர் இந்த இடத்தில் உண்மையைப் பாதி விழுங்கிவிடுகிறார்கள். அப்படி விழுங்கினால் இளைஞர்கள் மீதியையும் நம்பமாட்டார்கள். பிரிட்டன் அரசு 2023-இல் பத்து லட்சம் பேருக்கு இலவச வேப் கொடுத்துப் புகையை நிறுத்த வைக்கப்போவதாக அறிவித்தது உண்மை. அங்கே 886 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு கழித்துப் புகையை விட்டிருந்தவர்கள் வேப் கொடுத்த குழுவில் 18 சதவீதம். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவை கொடுத்த குழுவில் 9.9 சதவீதம். இதுவும் உண்மை.

அதே ஆய்வின் மறுபக்கமும் உண்டு. இரண்டு குழுவினருக்கும் வாரா வாரம் நேரில் ஆலோசனை கொடுத்தார்கள், குறைந்தது நான்கு வாரம். கருவியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. அந்த ஓராண்டு முடிவில், வேப் குழுவில் புகையை விட்டிருந்தவர்களில் 80 சதவீதம் பேர் இன்னும் வேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் தங்கள் மருந்தை இன்னும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 9 சதவீதம்தான். பிரிட்டனில் வாங்கித் தரும் அரசும் இருக்கிறது, சோதிக்கும் அதிகாரியும் இருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் அது ஒரு வழி. வடுகபட்டியில், பில் இல்லாத டப்பாவோடு, ஆலோசனை சொல்ல ஆளில்லாமல், அப்பா வீட்டில் வேப்பும் சந்தையில் பீடியுமாக இரண்டையும் பிடிக்கப் போகிறார். வேப் வாங்கிய பலருக்கு நடப்பது அதுதான்.

டீக்கடையில் பீடிக் கட்டுகள் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். இரு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரலிலிருந்து அப்படி. அதற்குக் கீழே ஒரு எண்: 1800-11-2356. விட நினைக்கிறவர் கட்டணமில்லாமல் அழைப்பதற்கான எண். 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பொட்டலத்திலும் அச்சிட்டாக வேண்டும். பையனின் அப்பா அதை முதல் தடவையாகப் பார்த்தார். காரணம் எளிது. அவர் கட்டாக வாங்குவது அரிது; டீக்கடையில் இரண்டு மூன்றாக உதிரியாக வாங்குவார். உதிரி பீடியில் படமும் இல்லை, எண்ணும் இல்லை. உதிரி விற்பனையைத் தடுக்காத வரைக்கும் அந்த எண் யாருக்காக அச்சிடப்படுகிறதோ அவர் கண்ணில் படப்போவதில்லை.

பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்று டீக்கடைக்காரர் குறுக்கே சொன்னார். ஊரில் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் பீடி இலை வழியாகக் காற்று நுழையாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன, பல அளவீடுகளில் கூடவே போகின்றன. இவ்வளவு இருந்தும், 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்குப் போட்ட இழப்பீட்டு செஸ்ஸைப் பீடிக்குப் போடவில்லை. ஏழை பிடிப்பதை மலிவாக வைத்திருப்பது அவருக்குச் செய்யும் உதவி என்று அரசு நினைத்தது போலிருக்கிறது.

மதியம் சந்தை கொஞ்சம் அடங்கியபின் மூவரும் பெரியகுளம் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. நிகோடின் கம் கேட்டதும் கடைக்காரர் எந்த ஆச்சரியமும் காட்டாமல் எடுத்து வைத்தார். கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு வகை. 2 மில்லிகிராமைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம். 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும்.

எது வேண்டும் என்பதை முடிவு செய்ய ஒரு கேள்வி போதும். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி? அரை மணி நேரத்துக்குள் என்றால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது, 4 மில்லிகிராம் பொருந்தும். அதற்குப் பிறகு என்றால் 2 போதும். பையனின் அப்பா கொஞ்சம் யோசித்து, “கண்ணு முழிச்சா அதுதான் மாப்ள. பல்லு விளக்கக் கூட மாட்டேன்” என்றார். ஆகச் சீட்டு வேண்டும். சாயங்காலம் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், சளிப் பரிசோதனை ஒன்று எழுதினார், சூயிங்கம்மும் எழுதினார். பல வாரமாக இருமல் இருப்பவருக்குக் காசநோய் இல்லையென்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை என்று சொன்னதை நான் பெரிதும் மதித்தேன்.

இனிக் கணக்கு. பையன் தன் நோட்டில் அவனே போட்டான், கணக்கெழுதுகிற பிள்ளை. சூயிங்கம் ஒன்று சுமார் பத்து ரூபாய், 4 மில்லிகிராம் அதற்குக் கொஞ்சம் மேல். பத்து என்றே வைத்துக்கொண்டோம். மருந்தின் முறை பன்னிரண்டு வாரம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்பது. அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் ஆறு வாரத்துக்கு 378, அடுத்த மூன்று வாரத்துக்கு ஒரு 105, கடைசி மூன்று வாரத்துக்கு ஒரு 63. மொத்தம் 546. ரூபாயில் 5,460.

அதே பன்னிரண்டு வாரத்துக்கு அவர் பிடிக்கும் பீடியின் செலவு, நாளுக்கு முப்பது ரூபாய் என்று வைத்தால், 2,520.

நோட்டைப் பார்த்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் பார்த்து வைத்த வேப்பும், சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால்கூட, காயிலும் திரவமும் சேர்ந்து இந்த அளவில்தான் வந்து நின்றிருக்கும். விலைப்பட்டியலில் மட்டும் மலிவாகத் தெரிந்தது. ஆனால் என்னை உறுத்துவது வேறு. நஞ்சு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதிலிருந்து வெளியே வர முதல் ஆறு வாரம் ஒரு நாளைக்கு 90 ரூபாய் ஆகிறது. மூட்டைக் கூலியில் வாழ்கிறவரிடம் இதைச் சொல்லி, ‘மன உறுதி வேண்டும்’ என்று உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை. மன உறுதி அவரிடம் இருக்கிறது. ஐம்பது கிலோவை முதுகில் வைத்து நாள் முழுக்க நடக்கிறார். இல்லாதது அந்த அறுபது ரூபாய் வித்தியாசம்.

2016-17-இல் நாடு முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட நினைப்பதாகவோ திட்டமிடுவதாகவோ சொன்னார்கள். பாதிக்கு மேல். விட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் நிகோடின் மாற்று மருந்தை 2009-இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் ஊரில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பீடிக்காரருக்கான பன்னிரண்டு வாரச் சூயிங்கம்மும் ஏன் இருக்கக் கூடாது? இருதய அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பின்னால் அரசே காப்பீட்டில் கட்டப்போகிற பணத்தோடு ஒப்பிட்டால் 5,460 ரூபாய் பெரிய தொகையா? ஊராட்சிக் கூட்டத்திலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன். பையனும் கேட்கிறேன் என்றான்.

அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது இரண்டாயிரம் மட்டும். அதை வைத்து என்ன செய்வது என்று மருந்துக்கடை வாசலிலேயே நின்று பேசினோம். முடிவில் முதல் மூன்று வாரத்துக்கான சூயிங்கம் வாங்குவது என்று ஆயிற்று. புகையை நிறுத்தியவர் பெரும்பாலும் சறுக்குவது முதல் சில வாரங்களில்தான். பணம் குறைவு என்றால் அதை முன்பக்கமாகச் செலவழிப்பதுதான் புத்தி. நாலாவது வாரத்திலிருந்து பீடிக்குப் போகாமல் மிச்சமாகும் முப்பது ரூபாயோடு, பையன் மாதா மாதம் எடுத்து வைக்கும் பணமும் சேரும்.

கடைக்காரர் மெல்லும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பபிள்கம் மாதிரி சவைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. நாலைந்து முறை மெதுவாக மெல்ல வேண்டும்; மிளகு கடித்தது போல நாக்கில் ஒரு சுருக்கு வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு போனதும் மறுபடி கொஞ்சம் மெல்வது, மறுபடி ஒதுக்குவது. அரை மணி நேரம் இப்படி. நிகோடின் வாயின் உள்தோல் வழியாக ஏற வேண்டும். விழுங்கிவிட்டால் பலனும் இல்லை, விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் குடித்துக் கால்மணி நேரம் ஆகாமல் வாயில் போடக் கூடாது. வாய் புளித்திருந்தால் மருந்து ஏறாது.

“டீக்கடையிலதானே நான் பீடியே பிடிக்கிறேன்” என்றார் பையனின் அப்பா. டீயும் பீடியும் அவருக்கு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. ஆகவே முதலில் டீ, டீ முடிந்து மூட்டைக்குப் போய்விட்டு, கால்மணி நேரம் கழித்துச் சூயிங்கம் என்று வரிசையை மாற்றினோம்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். பீடிப் புகையில் நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். சூயிங்கம்மில் பல நிமிடம் ஆகும். முதல் நாளே ‘இது வேல செய்யல’ என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். ஏக்கம் ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், பிறகு தானே இறங்கும். அதைத் தாண்டுகிற வரைக்கும் ஒரு சொம்புத் தண்ணீரோ, பக்கத்தில் இருப்பவரோடு பேச்சோ போதும்.

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்தோம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 2016-இல் டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தொடங்கியது. 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட வேறு மூன்று இடங்களிலும் மையம் வைத்தபின் தென்மொழிகளிலும் பேசுகிறார்கள். திங்கள் தவிர மற்ற நாள்களில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பெண் தமிழில் பேசினார். எத்தனை பீடி, முதல் பீடி எப்போது, முன்பு விட்டுப் பார்த்ததுண்டா, எதனால் மறுபடி தொடங்கினீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். பையனின் அப்பா முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். சபரிமலை மாலை பற்றிச் சொன்னபோது அவர் குரல் இளகியது. “ஒரு மண்டலம் விட்டிருக்கீங்க ஐயா. நாற்பத்தொரு நாள் இல்லாம இருந்து பாத்தவரு நீங்க. கழட்டுன அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க” என்று அந்தப் பெண் கேட்டதும் அவர் நிறையப் பேசினார். அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாலையைக் கழற்றி வீட்டுக்கு வந்த அன்று மேஸ்திரியும் நண்பர்களும் சுற்றி நின்று பீடியை நீட்டினார்களாம்.

விடுகிற நாளை முன்கூட்டியே குறிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்று முடிவானது: சந்தை முடிந்த மறுநாள், வேலை குறைவு, வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு முன்பு இரண்டு நாள் கையில் இருக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வியாழன் ராத்திரியே எடுத்துவிடச் சொன்னார். மறுபடி அவர்களே அழைப்பதாகவும் சொன்னார். கருவி வாங்கிக் கொடுப்பது பற்றி யோசித்த பையன், ஒரு போன் அழைப்பு அப்பாவை இப்படிப் பேச வைக்கும் என்று யோசித்திருக்கவில்லை.

திரும்பும்போது மேஸ்திரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னவன் பையன்தான். கமிஷன் கடை முன்னால் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். அவன் நேராகப் போய், “அண்ணே, அப்பா நாளையிலேருந்து பீடி பிடிக்க மாட்டாரு. முன்ன மாதிரியே நடுவுல அஞ்சு நிமிஷம் உக்காருவாரு. பீடி இல்லாம. அதுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க” என்றான்.

மேஸ்திரி நிமிர்ந்து அவனையும் அவன் அப்பாவையும் பார்த்தார். “உக்காரட்டும்ப்பா. அதுக்கு எதுக்கு எங்கிட்ட கேக்குற? ஆனா லாரி நிக்கிறப்ப கூப்புடுவேன், அப்ப வந்துரணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு நோட்டுக்குத் திரும்பினார்.